'பார்க்கவில்லை' என்று எழுதிய அக்கா

தெரணியகலை பஸ் ஸ்டாண்டில் யாராவது வந்து அவிசாவளை பஸ் போய்விட்டதா என்று கேட்டால், அங்கே நிற்கிற பத்துப் பேரும் பதில் சொல்வார்கள். ஐந்து பேர் இப்போதுதான் போனது என்பார்கள். நாலு பேர் இனிமேல்தான் வரும் என்பார்கள். மிச்சமிருப்பவர் இன்றைக்கு பஸ்ஸே இல்லை என்பார். அவர் எந்த பஸ்ஸுக்கும் நிற்காதவராக இருப்பார். என்னோடு ஆபீசில் வேலை செய்த அக்காவிடம் கேட்டால் மட்டும் பதில் இப்படி வரும்:

"நா வந்து அஞ்சு நிமிசம் ஆச்சுங்க. அதுக்குள்ள போகல. அதுக்கு முன்னுக்குப் போச்சான்னு தெரியாது."

கேட்டவர் அக்காவை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, அந்த ஐந்து பேரை நம்பி திரீவீலில் ஏறிப் போவார். இரண்டு நிமிடத்தில் பஸ் வந்து நிற்கும். இதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த ஐந்து பேரில் ஒருவனாக நின்றும் பார்த்திருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. எட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பொதுவான ஆபீசில் கம்பியூட்டர் ஆபீசர். இரத்தினபுரியில் ஒரு டிப்ளோமா முடித்திருந்தேன். அப்பா, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயம் முழுக்க 'மகன் என்ஜினியர்' என்று சொல்லி வைத்திருந்தார். பெற்ற தகப்பனைப் பொய்யராக்கக் கூடாது என்று நானும் திருத்தவில்லை. எங்கள் மேலதிகாரி தொரை "முடிஞ்சதா?" என்று வாயைத் திறக்குமுன் "முடிஞ்சிருச்சு சேர்" என்று முந்திக்கொள்வேன். எது முடிந்தது என்பதைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொள்வேன். இப்படிப்பட்டவனுக்கு எதிர் மேசையில் அக்காவைக் கொண்டுவந்து உட்கார வைத்தது யாருடைய வேடிக்கையோ தெரியாது.

அக்கா அந்த ஆபீசுக்கு வந்ததே ஒரு தண்டனையாகத்தான். அதற்கு முன் அவர் தமது தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியில் இருந்தார். கொழுந்து வாட்டும் மேல்மாடியில் காற்றின் ஈரத்தை அளக்க இரண்டு வெப்பமானிகள் தொங்கும், ஒன்றில் ஈரத்துணி சுற்றியிருக்கும். மணிக்கு ஒரு தரம் இரண்டையும் பார்த்துப் பதிவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். அந்தப் பக்கத்து ஃபேக்டரிகளில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்து போகும்போது எட்டு மணி நேரத்துக் கணக்கையும் ஒரே மூச்சில், ஒரே பேனாவில், நல்ல பிள்ளை மாதிரியான எண்களாக எழுதிவிட்டுப் போவார்கள். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. கட்டம் காலியாக இருப்பதுதான் தப்பு.

ஒரு நாள் பெருமழையில் கூரை ஒழுகி, அக்கா ஒரு மணி நேரம் வாளியோடு ஓடிக்கொண்டிருந்தார். அந்த மணிக்கான கட்டத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதினார். அவ்வளவுதான். தரச் சான்றிதழ் கொடுக்க வந்தவர்கள் புத்தகத்தைப் புரட்டி, அந்த ஒரு சொல்லில் விரலை வைத்தார்கள். "இது உண்மை. அப்படியென்றால் மற்றதெல்லாம்?" என்று கேட்டார்கள். ஃபேக்டரி ஆபீசர் அவர்களை அவசரமாகத் தேநீர் குடிக்கக் கூட்டிப் போனார். அடுத்த மாதமே அக்காவுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. தம் ஃபேக்டரியை விட்டு எப்படியாவது அவரைத் தூர அனுப்ப, ஆபீசருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். தோட்டத்தில் அதை யாரும் தண்டனை என்று நினைக்கவில்லை. ஆபீசுக்குப் போகிற மருமகள் என்று அவர் மாமியார் தண்ணீர்க் குழாயடியில் கொஞ்ச காலம் தலை நிமிர்ந்து நின்றாராம்.

ஆபீசிலும் அக்கா மாறவில்லை. எங்கள் பெரிய கிளார்க்கின் மனைவியைக் கரவனெல்ல ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, அக்கா ஹார்லிக்ஸ் போத்தலோடு பார்க்கப் போனார். மறுநாள் கிளார்க் ஆவலோடு கேட்டார்:

"எப்படிம்மா இருக்கா? ஏதும் சொன்னாளா?"

"நா போக நேரம் முடிஞ்சிருச்சுங்க. போத்தல நர்சம்மாகிட்ட குடுத்தேன். அவுங்கள பாக்கல. எப்படியிருக்காங்கன்னு தெரியாது."

கிளார்க்குக்கு முகம் விழுந்துவிட்டது. நான் அக்காவைத் தனியே கூப்பிட்டு, "நல்லா இருக்காங்கன்னு ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போவீங்க?" என்றேன்.

"நல்லா இல்லாம இருந்தா?"

"இருந்தா என்னக்கா, அவரு போய்ப் பாப்பாருதானே."

"நல்லா இருக்காங்கன்னு நா சொன்னா அவரு ஏன் தம்பி போவாரு?"

கிளார்க் அன்று அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனார். மனைவி நன்றாகத்தான் இருந்தார். ஆகவே நான் ஜெயித்ததாக எடுத்துக்கொண்டேன்.

ஆபீசின் பின்னறையில் ஐந்து சர்வர்கள் இருந்தன. ஐந்தும் ஐந்து சாதி. ஒன்று புதிதாக வாங்கியது. இரண்டு, கொழும்பு தலைமை அலுவலகம் பாவித்துக் கழித்து எங்களுக்கு அன்பளிப்பாக அனுப்பியவை. அவை மேட்டில் ஏறும் லொறி மாதிரிக் கத்தும். நாலாவது, மற்றவற்றின் பிரதிகளைச் சேமிக்கும் பெட்டி. ஐந்தாவதை இரத்தினபுரிக் கடையொன்றில் பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டியிருந்தேன். அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தேன், உடம்புக்கு என்ன என்று வாயைத் திறந்து சொல்லவே மாட்டான் என்பதால். வீடமைப்புத் திட்டத்துக்காக எட்டுத் தோட்டத்துக் குடும்பங்களையும் அவரவர் லயக் காம்பரா வாசலில் நிறுத்தி எடுத்த படங்களும் விவரங்களும் அவன் வயிற்றில்தான் இருந்தன. அவன் வயிறுதான் பெரிது.

அக்கா தினமும் காலையில் அந்த அறைக்குள் போய், ஒவ்வொரு பெட்டியின் முன்னும் நின்று, விளக்குகளைப் பார்த்து, விசிறிச் சத்தத்தைக் கேட்டு, ஒரு கொப்பியில் எழுதுவார். மாலையில் அதைத் தாளில் படியெடுத்துக் கையெழுத்துப் போட்டுத் தொரைக்கு அனுப்புவார்.

"மாப்பிள்ளைக்கு எப்படி இருக்கு அக்கா?"

"டிஸ்க் லைட்டு மூணும் பச்ச. சத்தம் நேத்து மாதிரிதான். உள்ளுக்கு எப்படின்னு தெரியாது."

தொரைக்குக் கொப்பி பிடிக்கவில்லை. தலைமை அலுவலகத்தார் பார்வையிட வரப்போகிறார்கள், நவீனமாக ஏதாவது செய் என்றார். "முடிஞ்சிருச்சு சேர்" என்றேன். பிறகு இரண்டு வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன்.

இலவசமாகக் கிடைக்கும் கண்காணிப்பு மென்பொருள் ஒன்றை நிறுவினேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் அது ஒவ்வொரு சர்வரிடமும் போய்ச் சூடு எவ்வளவு, விசிறி ஓடுகிறதா, டிஸ்க் நலமா, மின்சாரம் ஒழுங்காக வருகிறதா என்று விசாரிக்கும். நலம் என்றால் பச்சை. சுகமில்லை என்றால் மஞ்சள். ஆபத்து என்றால் சிவப்பு. பதிலே வரவில்லை என்றால் சாம்பல். ஒரே கம்பனிச் சர்வர்களாக இருந்தால் அரைநாள் வேலை. இங்கேயோ ஒன்றிடம் கேட்கிற மாதிரி மற்றதிடம் கேட்க முடியாது. புதியவன் கேட்காததையும் சொன்னான். கொழும்புக்காரர்கள் இரண்டு பேரின் பாஸ்வேர்டும் கொழும்பில் யாருக்கும் ஞாபகமில்லை. பெட்டிகளைக் கழற்றி, பழைய பாஸ்வேர்டை அழித்து, புதிதாகப் போட்டேன். எல்லோரும் வழிக்கு வந்தார்கள், மாப்பிள்ளையைத் தவிர. அவனுடைய மூன்று டிஸ்க்குகளும், அவற்றைச் சேர்த்து நடத்தும் ஒரு கார்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தன. மென்பொருள் போய்க் கதவைத் தட்டினால் பதில் வராது. திரையில் பதினெட்டுப் பச்சைக்கு நடுவே மூன்று சாம்பல் கட்டங்கள் நின்றன.

தொரை வந்து பார்த்தார். மூன்று கட்டத்தையும் சுட்டி, "மேக்க மொகத, மே அளு பாட்ட?" என்றார். இந்தச் சாம்பல் நிறம் என்ன என்று கேட்கிறார். நான் பதிலைத் தேடுமுன் அக்கா சிங்களத்திலேயே சொன்னார், "தெரியாது என்று அர்த்தம் சேர்."

"நாளைக்கு வாறவங்களுக்குத் தெரியாதுன்னா காட்டப் போறீங்க?" என்று தொரை என்னைப் பார்த்தார்.

"ஒக்கொம ஹரி சேர்" என்றேன். எல்லாம் சரி என்று.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு, மென்பொருளில் ஒரு வரி எழுதினேன். பதில் வராவிட்டால் பச்சை என்று காட்டு. ஒரே ஒரு வரி. அதை எழுத எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பின்னால் நிதானமாகச் சரிசெய்துகொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். மாப்பிள்ளையிடமிருந்து நாலாவது பெட்டிக்குப் பிரதி எடுக்கிற வேலையையும் இதே மாதிரி அடுத்த வாரத்துக்கு வைத்திருந்தேன். பல அடுத்த வாரங்களாக.

வந்தவர்கள் இருபத்தொரு பச்சையையும் பார்த்து மகிழ்ந்தார்கள். தொரை என் தோளில் தட்டினார். போகும்போது ஒருவர், சர்வர் அறையைப் பூட்டி வைக்க வேண்டும், சாவி ஒருவரிடம்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒருவர் நான்.

மறுநாள் காலை அக்கா கொப்பியோடு வந்து நின்றார்.

"சாவிய தாங்க தம்பி, பாத்திட்டு வாறேன்."

"எதுக்கக்கா? ஸ்கிரீன்லதான் எல்லாம் பச்சையா இருக்கே."

"முந்தாநேத்து மூணு சாம்பலா இருந்திச்சே. இப்ப பச்சைன்னா யாரு பாத்தா?"

"மெசின் பாத்திச்சு."

"மெசின்தானே தெரியலன்னு சொல்லிச்சு."

கிளார்க்கும் மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டம் சேர்ந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. "பச்சையா இருக்கிற சாமிய கதவத் தொறந்து நேர்ல கும்பிட்டாத்தான் அக்காவுக்குத் திருப்தி. தேங்கா வாங்கியாரச் சொல்லவா?" என்றேன். ஆபீசே சிரித்தது. அக்கா போய் உட்கார்ந்தார். தாளில் மாப்பிள்ளையோடு சேர்த்து ஐந்து பெட்டிக்கும் நேரே 'பார்க்கவில்லை' என்று எழுதினார்.

அடுத்த நாளும் கேட்டார். வேறு பகிடி சொன்னேன். ஐந்து நாள் கேட்டார், ஐந்து நாளும் ஐந்து பகிடி. ஒன்றைப் போல ஒன்று இருக்கவில்லை என்பதில் எனக்கு அப்போது பெருமை இருந்தது. ஆறாம் நாள் அவர் கேட்கவில்லை.

மாப்பிள்ளையின் டிஸ்க் ஒன்று அதற்குள்ளேயே செத்துவிட்டிருந்தது. மூன்றில் ஒன்று போனால் மற்ற இரண்டும் சமாளிக்கும். அதற்கிடையில் போனதை மாற்றிவிட்டால் ஒரு படமும் அழியாது. அதைத் தெரிவிக்கத்தான் பெட்டியின் முன்னால் செம்மஞ்சள் விளக்கு ஒன்று மின்னும். பூட்டிய கதவுக்குப் பின்னால் அது மூன்று வாரம் மின்னிக்கொண்டிருந்தது. ஒரு திங்கட்கிழமை இரண்டாவது டிஸ்க்கும் போனது. எட்டுத் தோட்டத்துக் குடும்பங்களும் படங்களும் அதோடு போயின. திரையில் மூன்று கட்டமும் பச்சையாகவே இருந்தன.

விசாரணை தொரையின் அறையில் நடந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து தமிழ் தெரிந்த ஒரு கனவான் வந்திருந்தார். அவர் முன்னால் அக்காவின் தாள்கள் அடுக்கியிருந்தன. இருபத்திரண்டு தாள். இருபத்திரண்டிலும் மாப்பிள்ளைக்கு நேரே அதே சொல், அதே கையெழுத்து.

"இதை எழுதினது நீங்கதானே? ஏன் பாக்கல?"

"கதவு பூட்டியிருந்திச்சுங்க சேர்."

"சாவி கேட்டீங்களா?"

"அஞ்சு நாள் கேட்டேன். பொறகு கேக்கல."

"ஏன்?"

"சிரிச்சாங்க. வெக்கமா இருந்திச்சு."

ஐந்து நாள் என்பதை அவர் இருபத்திரண்டு நாள் என்று சொல்லியிருக்கலாம். யார் எண்ணினார்கள்? அக்கா எண்ணியிருந்தார்.

"ஸ்கிரீன்ல பச்சையாத்தானே இருந்திச்சு?"

"மொதல்ல சாம்பலா இருந்திச்சு. ஒரு நாள் காலையில வந்து பாத்தா பச்சையா இருந்திச்சு."

"யார் மாத்தினது?"

அந்த அறையில் திரையைத் தொடத் தெரிந்த ஆள் ஒருவன்தான் இருந்தான். சின்னப் பிள்ளைக்குக்கூட விடை தெரியும்.

"பாக்கல சேர். தெரியாது" என்றார் அக்கா.

கனவான் என் பக்கம் திரும்பினார். புது மென்பொருள், பழகுகிற வரைக்கும் நிறம் முன்னே பின்னே இருக்கும் என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். ஆங்கிலத்தில் சொன்னதால் அது உண்மை மாதிரி இருந்தது. அவர் தலையாட்டிவிட்டு, "சரி. இவங்க உங்ககிட்ட சாவி கேட்டாங்களா?" என்றார்.

ஐந்து பகிடிகளும் எனக்கு வரிசையாக ஞாபகம் இருந்தன.

"சரியா ஞாபகம் இல்ல சேர்" என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேசை மேலிருந்த தம் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தொரை மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் ஐந்து சாதிச் சர்வர்களையும் மேய்க்க அந்தப் பக்கத்தில் வேறு ஆள் கிடையாது. கொப்பி எழுத ஆள் கிடைக்கும்.

கவனக்குறைவு என்று எழுதி, அக்காவை அவருடைய தோட்டத்து ஃபேக்டரிக்கே திருப்பி அனுப்பினார்கள். பழைய வேலையும் இல்லை. கொழுந்து கொட்டிப் பரப்புகிற வேலை. அன்றைக்கே மென்பொருளில் எழுதிய அந்த வரியை அழித்தேன். அதையும் யாரும் பார்க்கவில்லை. எட்டுத் தோட்டத்திலும் சனங்கள் மறுபடியும் பெட்டியிலிருந்த சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு படத்துக்காக வாசலில் நின்றார்கள். முதல் தரம் நின்ற சில கிழவர்கள் இரண்டாம் தரம் நிற்க இருக்கவில்லை.

அக்காவின் தோட்டம் ஆபீசிலிருந்து அரை மணி நேர பஸ் பயணம். அங்கே போய்ச் சேர எனக்கு மூன்று வருடம் எடுத்தது. கொழும்பில் வேறு வேலை கிடைத்து, ஊரை விட்டுப் போகிற கிழமையில், ஒரு பிஸ்கட் பெட்டியை வாங்கிக்கொண்டு போனேன்.

லயத்துக்குப் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "அட, தம்பி! மெலிஞ்சு போயிட்டீங்களே" என்றார். நான் குண்டாகியிருந்தேன். அது ஒன்றுதான் அவர் பார்க்காமல் சொன்ன வார்த்தையாக இருக்கும், மரியாதைக்காக.

நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வரியை எழுதியது, சாவி விசயம், ஞாபகம் இருந்தது, எல்லாம். பகிடி எதுவும் சேர்க்கவில்லை. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் நேராகப் பேசியதில்லை.

அக்கா ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "அப்ப நெறத்த மாத்தினது நீங்கதானா?" என்றார்.

"ஒங்களுக்குத் தெரியாதா அக்கா?"

"எப்படித் தெரியும்? இப்ப நீங்க சொல்லித்தான் தெரியும்." துணியை உதறிக் கொடியில் போட்டார். "சாவி கேட்டது எனக்குத்தான் தெரியுமே தம்பி. அத எங்கிட்ட வந்து ஏன் சொல்றீங்க? தெரியாத ஆளுங்க இருக்காங்கல்ல. அவுங்ககிட்ட சொல்லுங்க."

"யாருகிட்டக்கா? தொரையும் மாறிப் போயிட்டாரு."

"வாங்க" என்று என்னை வீட்டுக்குள் கூட்டிப் போனார்.

உள்ளே அவருடைய மாமியார் உட்கார்ந்திருந்தார். நாற்பது வருடம் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். அக்கா எனக்குக் கதிரையை இழுத்துப் போட்டு, "மாமி, இவரு ஆபீசில எங்கூட இருந்த தம்பி. ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்" என்றார். சொல்லிவிட்டு, தேநீர் ஊற்றப் போகாமல் கதவோரம் நின்றார்.

கிழவி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதானா அது? இவ கவனமில்லாம மெசின எரிச்சுப்புட்டான்னு குழாயடியில இன்னும் பேசுறாளுக. நானும் திட்டித் தீத்துட்டேன். நெசமாவா தம்பி? இவளாலதான் கெட்டுச்சா?"

சொல்வதற்காகத்தான் போயிருந்தேன். வாயையும் திறந்தேன். கிழவி முன்னால் குனிந்து உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் யாரோ வந்திருக்கிறார்கள் என்று வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள். கூட்டம் சேர்ந்துவிட்டது.

"அட போங்க ஆத்தா! அந்த மெசினுக்கு வயசு போச்சு. பென்சனும் குடுக்காம, பேருக்கு ஒரு லீவும் குடுக்காம வேல வாங்கினோம். ஒரு நாள் கோவிச்சுக்கிட்டுப் படுத்திருச்சு. நம்ம சங்கத் தலைவரக் கூட்டியாந்து பேசியும் எந்திரிக்கலயே!" என்றேன்.

கிழவி பொக்கை வாய் தெரியச் சிரித்தார். வாசலில் நின்ற பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். நல்ல பகிடிதான். அந்த ஐந்தையும்விட நன்றாக வந்திருந்தது. சிரித்து முடித்த பிறகு, கேட்ட கேள்வியை யாரும் மறுபடி கேட்கவில்லை.

அக்கா கதவோரத்திலிருந்து நகர்ந்து அடுப்படிக்குப் போனார். தேநீர்க் கோப்பையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தபோது, கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டே அவரைப் பார்த்துச் சொன்னார்:

"ஏண்டி, இப்படி ஒரு நல்ல மனுசன் கூட இருந்த வேலையவாடி கெடுத்துக்கிட்டு வந்த?"